ஒரு கோச்சும் 27 பாயிண்டும்



மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் அண்ணன்கள் வகுப்புக்கு வந்தபோது, மெக்கானிக்கல்காரன் என்றால் லேத், வெல்டிங் என்று ஏதாவது எழுதித் தருவான் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதியிருப்பது ஒரு கால்பந்து கோச்சைப் பற்றி. இதுவும் நம்ம மெஷர்மென்ட் லேப் பாடம்தான் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிட்டு ஆரம்பிக்கிறேன். போன வருஷம் நம்ம ஃபுட்பால் டீமுக்கு மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் கேப்டனாக இருந்தார். தனியாகக் கோச் வைக்க வசதி இல்லாததால் கோச்சும் அவரேதான். அஞ்சு மேட்ச் ஆடினோம். ஒன்றில் ஜெயித்தோம், நாலில் தோற்றோம். யூனியன் மீட்டிங்கில் கேப்டனை மாற்ற வேண்டும் என்று பேச்சு வந்தது. "அஞ்சுக்கு நாலு தோத்திருக்கு, இதுக்கு மேல என்ன பேச்சு வேண்டிக் கெடக்கு?" என்று எழுந்து நின்று சொன்னவன் நான். கை தூக்கச் சொன்னார்கள். முதல் கை என்னுடையது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பந்துப் பையையும் விசிலையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் கிரவுண்டு பக்கம் வரவே இல்லை.

அது சரியா தப்பா என்ற கேள்வி அப்போது எனக்கு வரவில்லை. வந்தது ரயிலில். மேல்பட்டாம்பாக்கத்தில் ஏறி இறங்குகிற எங்கள் செட்டில் பாதிப்பேர் சென்னையின் எஃப்.சி. ரசிகர்கள். 2025-ல் அந்த டீமும் அதன் கோச் ஓவன் கோய்லும் பிரிந்த செய்தி வந்த அன்று பெட்டியில் ஒரே சண்டை. "கடைசியில இருந்து மூணாவது இடம். வேஸ்ட் கோச்" என்று ஒருத்தன். "டேய், ஜாம்ஷெட்பூருக்கு ஷீல்டு வாங்கிக் கொடுத்த ஆளுடா அவரு" என்று இன்னொருத்தன். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதுதான் என்னைக் குழப்பியது. ஒரே ஆளுக்கு இரண்டு ரீடிங் வந்தால் தப்பு ஆளிடமா, அளக்கிற விதத்திலா என்று பார்க்க ஒரு நோட்டு போட்டேன். எங்க ஆயா, "கோயிலு கோயிலுங்கிறியே, எந்தக் கோயிலுடா? திருவந்திபுரமா?" என்று கேட்டதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

யார் இந்தக் கோய்ல்?

1966-ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் பிறந்தவர். குடும்பம் அயர்லாந்து வழி. அயர்லாந்து தேசிய அணிக்காக ஒரே ஒரு மேட்ச், அதுவும் 1994-ல் மாற்று ஆட்டக்காரராக. ஆட்டக்காரராகப் பெரிய பெயர் இல்லை. ஆனால் 1995-ல் வெம்ப்ளியில் நடந்த பிளே-ஆஃப் ஃபைனலில் போல்டன் டீம் ரெடிங்கை 4-3 என்று ஜெயித்து மேல் லீக்குக்குப் போனபோது அதில் ஒரு கோல் இவருடையது.

கோச் ஆன பிறகு இவர் வாழ்க்கை பரமபத விளையாட்டுப் பலகை மாதிரி. 2007 நவம்பரில் இங்கிலாந்தின் பர்ன்லி டீமுக்கு வந்தார். சின்ன ஊர், பழைய பஞ்சாலை ஊர். 1976-க்குப் பிறகு முதல் டிவிஷனையே பார்க்காத டீம். 2009 மே மாதம் ஷெஃபீல்டு யுனைடெட்டை 1-0 என்று ஜெயித்து பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்டார். ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டையே அந்த ஊர் மைதானத்தில் 1-0 என்று தோற்கடித்தார்கள். ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியது. 2010 ஜனவரியில், சீசன் பாதியில் இருக்கும்போதே, தான் முன்பு ஆடிய போல்டனுக்கே கோச்சாகப் போய்விட்டார். பக்கத்து ஊர் டீம், அதுவும் அதே லீக்கில். போல்டன் தப்பித்தது, பர்ன்லி 30 புள்ளியோடு 18-ஆவது இடத்தில் முடிந்து கீழே இறங்கியது. கொண்டாடிய ஊர் துரோகி என்றது.

அதற்குப் பிறகு பெரும்பாலும் பாம்புகள்தான். 2012-ல் போல்டனும் கீழே இறங்கியது, அக்டோபரில் வேலை போனது. 2013-ல் விகன், ஆறு மாதம்கூட முழுசாக இல்லை. 2015-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன், பிளே-ஆஃப் கிடைக்கவில்லை. 2016-ல் பிளாக்பர்ன். இது பூனாவின் வெங்கீஸ் கோழி கம்பெனிக்காரர்களின் டீம். 2017 பிப்ரவரியில் கடைசிக்கு முந்தின இடத்தில் டீமை விட்டுவிட்டு வெளியேறினார். அடுத்து ஸ்காட்லாந்தின் ராஸ் கவுன்டி. 2018 மார்ச்சில் ராஜினாமா. அந்த டீமும் கடைசி இடத்தில் முடிந்து இறங்கியது. இப்படி வரிசையாக அடிவாங்கி, ஒன்றரை வருஷத்துக்கு மேல் வேலை இல்லாமல் இருந்த ஆளைத்தான் 2019 டிசம்பரில் சென்னை கூப்பிட்டது. பயோடேட்டாவை மட்டும் பார்த்திருந்தால் நானாக இருந்தால் இன்டர்வியூவுக்கே கூப்பிட்டிருக்க மாட்டேன்.

ஒரே டீம், இரண்டு கோச்

இங்கேதான் கணக்கு ருசியாகிறது. நம்ம லேபில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு ரீடிங் எடுக்கச் சொல்வார்கள் இல்லையா? 2019-20 சீசனில் சென்னையில் அப்படி ஒரு பரிசோதனை தானாகவே நடந்தது. ஆட்டக்காரர்கள் அதே ஆட்கள். மாறியது கோச் மட்டும்.

முதல் ஆறு மேட்சுக்கு கோச் ஜான் கிரெகரி. 2017-18-ல் இதே டீமுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அடுத்த சீசனிலேயே 18 மேட்சில் 9 புள்ளி எடுத்துக் கடைசி இடம் வந்தவரும் அவரே. (சென்னைக்கு இது புதுசில்லை. 2015-ல் கோப்பை வாங்கிய மெட்டராஸி 2016-ல் ஏழாம் இடம்.) 2019-20-ல் கிரெகரியின் ஆறு மேட்சில் ஒரு வெற்றி, இரண்டு டிரா, மூன்று தோல்வி. ஜெயித்தால் 3, டிராவுக்கு 1 என்றால் 5 புள்ளி. மேட்சுக்கு 0.83.

பிறகு கோய்ல் வந்து 12 மேட்ச். 7 வெற்றி, 3 டிரா, 2 தோல்வி, 24 புள்ளி. மேட்சுக்குச் சரியாக 2.00. கீழே கிடந்த டீம் 29 புள்ளியோடு நாலாவது இடத்துக்கு வந்து செமிஃபைனல் ஆடி, கோவாவை இரண்டு மேட்சும் சேர்த்து 6-5 என்று தாண்டி, ஃபைனலுக்குப் போனது. 2020 மார்ச் 14, கோவா ஃபடோர்டா மைதானம். கொரோனா தொடங்கிய நேரம், கேலரியில் ஒரு ஈ காக்கா இல்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாமா போனில் பார்த்தேன். ஒரு மாதம் முன்பு கல்கத்தாவிலேயே வைத்து 3-1 என்று நாம் ஜெயித்த அதே ஏ.டி.கே. அன்றைக்கு நம்மை 3-1 என்று ஜெயித்தது.

இந்தப் 12 மேட்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோய்லின் முதல் நாலு மேட்சில் ஒரு வெற்றி, ஒரு டிரா, இரண்டு தோல்வி. மொத்தம் 4 புள்ளி. மேட்சுக்கு 1.00. கிரெகரியைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்த எட்டு மேட்சில் ஆறு வெற்றி, இரண்டு டிரா, 20 புள்ளி. நாலாவது மேட்ச் முடிந்ததும் சென்னையில் ஒரு மீட்டிங் போட்டு, என்னை மாதிரி ஒருத்தன் எழுந்து நின்று பேசியிருந்தால்? நான் அண்ணனுக்குக் கொடுத்தது அஞ்சு மேட்ச்.

சரி, பரிசோதனையை நேர்மையாகச் செய்ய வேண்டும் என்றால் மறுபக்கமும் பார்க்கணும். விகனில் இதே பரிசோதனை தலைகீழாக நடந்தது. 2013 டிசம்பர் தொடக்கத்தில் கோய்ல் போகும்போது அந்த டீம் இரண்டாம் டிவிஷனில் 14-ஆவது இடம். பிறகு வந்த உவே ரோஸ்லர் அந்த டீமை ஐந்தாவது இடத்துக்கும் எஃப்.ஏ. கோப்பை செமிஃபைனலுக்கும் கொண்டுபோனார். பிளாக்பர்னிலும் கோய்லுக்குப் பிறகு வந்த டோனி மோப்ரே கையில் டீம் நன்றாகவே எழுந்தது. ஆனால் நேரம் போதவில்லை, 51 புள்ளி எடுத்தும் கோல் வித்தியாசத்தில் இறங்கியது. ஆக, சென்னையில் இவர் வந்ததும் ஏறியது, விகனில் இவர் போனதும் ஏறியது. இரண்டையும் ஒரே நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

சாய்ஞ்ச கரும்பு

இந்த இடத்தில் நோட்டு நின்றுபோனது. ஒரு நாள் ராத்திரி வீட்டில் அதை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கப்பா கரும்பு வெட்டு மேஸ்திரி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தச் செட்டு எந்தக் கழனியில் எத்தனை நாளில் எத்தனை டன் வெட்டிச்சு என்பதை மூன்று பட்டம் பின்னோக்கிச் சொல்வார். "இன்னாடா கணக்கு?" என்றார். சொன்னேன். ஒரு மேஸ்திரி ஒரு ஊரில் நல்லா வெட்டுறான், இன்னொரு ஊரில் சொதப்புறான், அவன் நல்லவனா கெட்டவனா என்று கேட்டேன்.

"கரும்பு எப்படி நின்னுச்சு?" என்றார் அப்பா.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். நிமிர்ந்த கரும்பில் ஒரு செட்டு வெட்டுற டன்னை, காத்துல மழையில சாய்ஞ்சு பின்னிக் கெடக்கிற கரும்பில் அதே செட்டால் வெட்ட முடியாது. அதனால்தான் சாய்ஞ்ச கரும்புக்குக் கூலி கூட்டிக் கேட்கிறது. சிலநாள் ஆளும் குறையும், காய்ச்சல்காரன் வர மாட்டான். "டன்னை மட்டும் பாத்து மேஸ்திரியைப் பேசுறவன் கழனியில எறங்காதவன்" என்றார். பிறகு சும்மா இருக்காமல், "எல்லாத்துக்கும் கரும்பு மேலயே பழி போடுற மேஸ்திரியும் உண்டு. அவனையும் நம்பாத" என்று சேர்த்துக்கொண்டார்.

மெஷர்மென்ட் லேபில் வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்தவுடன் ஜீரோ எரர் பார்க்கச் சொல்கிறார்களே, அதுதான் இது. இரண்டு தாடையையும் சேர்த்து வைத்தபோதே வெர்னியரின் ஜீரோ கோடு எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, வருகிற ரீடிங்கில் கழிக்கவோ கூட்டவோ வேண்டும். முதல் செமஸ்டரில் நான் அதைச் செய்யாமல் ரீடிங் எழுதி அந்த ரெக்கார்டு முழுவதையும் திரும்ப எழுதினேன். (அந்த செமஸ்டரில் எனக்கு மூன்று அரியர் விழுந்தது. தமிழ் மீடியத்திலிருந்து வந்து இங்கிலீஷில் பரீட்சை எழுதிய முதல் தடவை. மார்க் ஷீட்டில் அது இருக்காது, மார்க்தான் இருக்கும்.)

இனி கோய்லின் கணக்குக்கு ஜீரோ எரர் போடலாம்.

விகனை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த டீம் 2013-ல் எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்துவிட்டு அதே மாதம் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிய டீம். கோப்பை ஜெயித்ததால் ஐரோப்பா லீக்கும் ஆடணும். வியாழக்கிழமை பெல்ஜியமோ ரஷ்யாவோ போய் ஆடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் லீக். கோய்ல் இருந்த மாதங்கள் முழுவதும் அந்தச் சுமை இருந்தது. ரோஸ்லர் வந்த பிறகு அது முடிந்துபோனது. இது சாய்ஞ்ச கரும்பு, ஒத்துக்கொள்கிறேன்.

போல்டனின் 2011-12 இன்னும் மோசம். சீசன் தொடங்கும் முன்பே லீ சுங்-யோங் கால் உடைந்தது. நடுக்களத்தில் ஆடும் ஸ்டூவர்ட் ஹோல்டன் முழங்கால் அடியோடு வெளியே. கடனுக்கு வந்து 12 மேட்சில் 8 கோல் அடித்த ஸ்டரிட்ஜ் செல்சிக்கே திரும்பிவிட்டார். தூண் மாதிரி நின்ற கேரி கேஹில்லையும் ஜனவரியில் செல்சிக்கு விற்றார்கள். 2012 மார்ச் 17-ல் ஃபேப்ரிஸ் முவாம்பா என்ற 23 வயது ஆட்டக்காரர் மைதானத்திலேயே இதயத் துடிப்பு நின்று விழுந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் பிறகு ஆடவே இல்லை. அப்படிப்பட்ட ஒரு சீசனில் 36 புள்ளி. 17-ஆவது இடத்தில் தப்பித்த டீமுக்கு 37. ஒரே ஒரு புள்ளி. கடைசி நாளில் ஸ்டோக்கோடு 2-2 டிரா. ஜெயித்திருந்தால் கோய்ல் 'காப்பாற்றிய கோச்'.

ஆனால் அப்பாவின் இரண்டாவது வரியையும் போடணும். போல்டன் கீழே இறங்கி இரண்டாம் டிவிஷனில் ஆடத் தொடங்கியபோது கரும்பு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. அப்போதும் டீம் அடிப்பக்கமே கிடந்தது. ராஸ் கவுன்டிக்கும் எனக்குச் சாக்கு எதுவும் கிடைக்கவில்லை. தேடினேன், இல்லை.

27

இனி தலைப்பு. இந்தியாவில் இவர் கணக்கை எழுதி முடித்தபோது ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தது. தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி கூட்டினேன். சரியாகத்தான் இருந்தது.

2020-21-ல் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். டாட்டா ஸ்டீல் ஊர் டீம். 20 மேட்ச், 27 புள்ளி, ஆறாவது இடம். அப்போது முதல் நாலு டீமுக்குத்தான் செமிஃபைனல். அதனால் 'ஃபெயில்'.

2022-23-ல் கோய்ல் இல்லாத சென்னை. கோச் தாமஸ் பிரடாரிச். 20 மேட்ச், அதே 27 புள்ளி, எட்டாவது இடம். அந்த வருஷத்திலிருந்து ஆறு டீமுக்குப் பிளே-ஆஃப் என்று விதியை மாற்றியிருந்தார்கள். எட்டாவது என்பதால் இதுவும் ஃபெயில்.

2023-24-ல் கோய்ல் மறுபடி சென்னை. 22 மேட்ச், மறுபடி 27 புள்ளி, ஆறாவது இடம். பிளே-ஆஃப் உண்டு! நாலு வருஷம் கழித்து சென்னை பிளே-ஆஃப் என்று எல்லோருக்கும் சந்தோஷம். அதில் கோவாவிடம் 2-1 என்று தோற்றது வேறு விஷயம்.

2024-25-ல் அதே கோய்ல், அதே சென்னை. 24 மேட்ச், நம்பினால் நம்புங்கள், 27 புள்ளி. 13 டீமில் 11-ஆவது இடம். "வேஸ்ட் கோச்".

நாலு தடவை 27. ஒரு தடவை பாஸ், மூன்று தடவை ஃபெயில். மேட்சுக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தால் 1.35, 1.35, 1.23, 1.13. இதில் பாஸ் ஆனது மூன்றாவது எண். அதாவது, 1.35 எடுத்த இரண்டு டீம் வெளியே, 1.23 எடுத்த டீம் உள்ளே! ரயிலில் இதைச் சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை. ஒருத்தன் போனில் டேபிளை எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்போ நாம 2024-ல கொண்டாடினது, 2023-ல திட்டினதைவிடக் கம்மியாடா?" என்றான். ஆமாம், கம்மிதான். கோடு எங்கே போட்டிருக்கிறார்கள் என்பதை வைத்து நாம் கொண்டாடுகிறோம், அழுகிறோம். 39 மார்க்குக்கும் 40 மார்க்குக்கும் இடையில் எத்தனை வீட்டில் சாப்பாடு இறங்காமல் போயிருக்கிறது என்று நமக்குத் தெரியாதா?

இதே வகுத்தல் கோய்லுக்கு எதிராகவும் பேசுகிறது என்பதை மறைக்கக் கூடாது. பிளே-ஆஃப் என்ற பெயரை எடுத்துவிட்டால், சென்னையில் அவருடைய இரண்டாவது வருகை பிரடாரிச்சின் ஒரு சீசனைவிட மேட்ச் கணக்கில் மட்டம். மேலும் 1.23-லிருந்து 1.13 என்று இறங்குமுகம்.

ஷீல்டு யாருடையது?

இந்தக் கணக்கில் 27 வராத ஒரு வருஷம் 2021-22. ஜாம்ஷெட்பூர், 20 மேட்ச், 43 புள்ளி. 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. தொடர்ந்து ஏழு மேட்ச் வெற்றி. 2022 மார்ச் 7-ல் கடைசி லீக் மேட்ச், ஏ.டி.கே. மோகன் பகானை ரித்விக் தாஸ் அடித்த ஒரே கோலில் ஜெயித்து லீக் ஷீல்டை வாங்கினார்கள். மேட்சுக்கு 2.15. கொரோனாவால் எல்லா மேட்சும் கோவாவிலேயே நடந்த வருஷம். சொந்த மைதானம் என்ற சலுகை ஜாம்ஷெட்பூருக்கு இல்லை. செமிஃபைனலில் கேரளாவிடம் தோற்றதால் கோப்பை கிடைக்கவில்லை. ஆனால் 20 மேட்ச் ஆடி முதலில் வருவது இரண்டு மேட்ச் நாக்-அவுட்டைவிடக் கஷ்டமான பரீட்சை என்பது என் கருத்து.

அடுத்த வருஷம் கோய்ல் ஸ்காட்லாந்தின் குவீன்ஸ் பார்க்குக்குப் போய்விட்டார். ஜாம்ஷெட்பூர் 19 புள்ளி எடுத்துப் பத்தாவது இடத்தில் விழுந்தது. பார்த்தீர்களா, கோச் போனார், டீம் போச்சு என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டேன். ரெண்டு நாள் கழித்து அடிக்கோட்டை அடிக்க வேண்டியதாயிற்று. காரணம் கிரெக் ஸ்டூவர்ட்.

ஸ்டூவர்ட் அந்த ஷீல்டு டீமின் முக்கிய ஆட்டக்காரர். 10 கோல் அடித்து, 10 கோலுக்குப் பந்து கொடுத்து, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். கோய்ல் போன அதே நேரம் இவரும் மும்பைக்குப் போனார். 2022-23 ஷீல்டு மும்பைக்கு. பிறகு 2024-25-ல் மோகன் பகானில் ஆடினார். ஷீல்டு மோகன் பகானுக்கு. மூன்று டீம், மூன்று ஷீல்டு, ஒரே ஆள். அப்படியென்றால் ஜாம்ஷெட்பூர் ஷீல்டில் கோய்லின் பங்கு எவ்வளவு, ஸ்டூவர்ட்டின் பங்கு எவ்வளவு? ஒரே சமயத்தில் இரண்டு வால்வைத் திறந்துவிட்டு எது எவ்வளவு தண்ணீர் விட்டது என்று கேட்கிற மாதிரி. இருக்கிற ரீடிங்கை வைத்துப் பிரிக்க முடியாது. நான் பாதிப் பாதி என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்டூவர்ட்டை அங்கே எந்த இடத்தில் எப்படி ஆட விடுவது என்று முடிவு செய்ததும் கோச்தானே.

என் தீர்ப்பு

மொத்த நோட்டையும் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. இவர் டீம் கோல் அடிக்கும், கோல் வாங்கவும் செய்யும். சென்னையில் கேரளாவை 6-3 என்று ஜெயித்தது, கோவாவிடம் 4-3 என்று தோற்றது, செமிஃபைனலில் 6-5. போல்டனில் 2011 எஃப்.ஏ. கோப்பை செமிஃபைனலில் ஸ்டோக்கிடம் 5-0. குவீன்ஸ் பார்க்கில் 2023 மே மாதம், ஜெயித்தால் சாம்பியன் என்ற கடைசி லீக் மேட்சில் டண்டீயிடம் 5-3 தோல்வி. மனசு விட்டுப்போன ஒரு டீமை எழுப்பி, பயமில்லாமல் முன்னால் ஓட வைக்கும் கை இவருக்கு உண்டு. பர்ன்லி, 2019-20 சென்னை, ஜாம்ஷெட்பூர் மூன்றும் அதற்குச் சாட்சி. ஓட்டையை அடைத்து, 1-0-ஐ 1-0-ஆகவே காப்பாற்றி, ஒரு புள்ளி இரண்டு புள்ளியாகச் சேர்க்க வேண்டிய இடத்தில் இவர் கை அவ்வளவு பேசவில்லை. பிளாக்பர்னுக்கும் ராஸ் கவுன்டிக்கும் தேவைப்பட்டது அந்த இரண்டாவது கை.

ஆளை எடுத்தவர்கள் என்ன வேலைக்கு எடுத்தார்கள் என்பதையும் கேட்கணும். டிரில்லிங் மெஷினில் த்ரெட் போடவில்லை என்று டிரில் பிட்டைத் திட்டினால் எப்படி? உலகத்திலும் இது உண்டு. கிளாடியோ ரனியேரி 2014-ல் கிரீஸ் அணியை வைத்துக்கொண்டு குட்டித் தீவுக்கூட்டமான ஃபேரோவிடம் சொந்த மண்ணில் தோற்று வேலை இழந்தவர். 2016-ல் லெஸ்டரை இங்கிலாந்து சாம்பியன் ஆக்கினார். 2017 பிப்ரவரியில் அதே லெஸ்டர் அவரை அனுப்பிவிட்டது.

மார்க் கேட்டால், சென்னையின் முதல் வருகைக்குப் பத்துக்கு ஒன்பது, இரண்டாவதுக்கு அஞ்சு, ஜாம்ஷெட்பூருக்கு எட்டு, விகனுக்கு நாலு, போல்டனுக்கு அஞ்சு, பிளாக்பர்னுக்கு மூணு போடுவேன். இதையெல்லாம் கூட்டி ஒரே மார்க்காகச் சொல்லு என்று ரயிலில் கேட்டார்கள். சொல்லவில்லை. நிமிர்ந்த கரும்பு டன்னையும் சாய்ஞ்ச கரும்பு டன்னையும் ஒரே தராசில் கூட்டி எங்கப்பாவிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கடைசியாக நம்ம டீம். யூனியன் ரூமில் இருந்த ஸ்கோர் நோட்டை வாங்கி அந்த அஞ்சு மேட்சுக்கும் இதே மாதிரி எழுதினேன். தோற்ற நாலில் இரண்டு மேட்ச் அரியர் பரீட்சை நாளில் வந்தவை. கோல்கீப்பர் இல்லாமல், முன்னால் ஆடுகிற பையனை கோலில் நிறுத்தி ஆடியிருக்கிறோம். அந்த இரண்டிலும் சேர்த்து ஏழு கோல். மூன்றாவது தோல்வியில் பஸ் தாமதமாகி, பத்துப் பேரோடு பாதி நேரம் ஆடினோம். நாலாவது மேட்ச் மட்டும் முழு டீமோடு ஆடி நேராகத் தோற்றது. அதில் அண்ணன் ஆள் மாற்றியதும் தப்புத்தான், அப்போது நான் பெஞ்சில் இருந்து பார்த்தேன். இதெல்லாம் எனக்கு மீட்டிங் அன்றைக்கே தெரியும். கீப்பர் இல்லாத மேட்ச் இரண்டிலும் நான் ஆடியவன். தெரிந்தும் 'அஞ்சுக்கு நாலு' என்று மட்டும் சொன்னேன்.

யூனியன் மினிட்ஸ் புத்தகத்தில் இன்றைக்கும் "5 ஆட்டங்களில் 4 தோல்வி, எனவே கேப்டன் மாற்றப்படுகிறார்" என்றுதான் இருக்கிறது. அதற்குக் கீழே மேலே சொன்ன விவரங்களையும் சேர்த்து எழுத வேண்டும் என்று செயலாளரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். அடுத்த மீட்டிங்கில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணன் டிப்ளமோ முடித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்துவிட்டார். அந்தப் பக்கத்தின் நகல் கிடைத்ததும் அவருக்கு அனுப்பணும்.